ஐந்தாவது கால்

அத்தியாயம் 7

முப்பது நாற்காலிகள் இருந்த அந்தக் கட்டடத்தில் பிரியம்வதாவுக்கு உட்கார ஓர் இடம் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு நாற்காலியின் முன்னாலும் ஒரு பலகை. ‘தொடாதீர்கள். அமராதீர்கள். உணருங்கள்.’ அவள் உணர்ந்துகொண்டுதான் இருந்தாள். மூன்று மாதமாக இடுப்பின் அடிப்பகுதியில் யாரோ ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகுவது மாதிரி ஒரு வலி. துப்பறியும் தொழில் என்றால் ஜனங்கள் துப்பாக்கி, துரத்தல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மதுரையில் அது பெரும்பாலும் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது. அதாவது, காருக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து அடுத்தவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது. நாற்பத்திரண்டு வயதில் அந்தத் தொழில் கொடுத்த பதக்கம்தான் இந்த வலி.

“நிக்கிறதுக்கு டிக்கெட் வாங்கின மொத ஆளு நம்மதான்க்கா,” என்றான் பேயாண்டி.

பேயாண்டி முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். ஆறு வருடமாக அவளிடம் வேலை. கார் ஓட்டுவான், டீக்கடையில் பேச்சுக் கொடுத்து விஷயம் கறந்துவருவான், பின்தொடர்ந்து போவான். வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பதை மட்டும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இடம், நாகமலை புதுக்கோட்டையில் யுனிவர்சிட்டி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. வீட்டின் முன்பாதியை இடித்துக் கட்டிய கூடம். வாசலில் கருங்கல்லில் வெட்டியிருந்தது: ‘ஆசன ஞானி ஹாலாஸ்யம் நினைவு அருங்காட்சியகம்’. ஹாலாஸ்யம் நாற்காலி வடிவமைத்தவர். ஏழு வருடம் முன்பு காலமானார். ஞானி என்ற பட்டத்தை யார் கொடுத்தது என்று எங்கும் எழுதவில்லை. கொடுத்தவர் அவராகவே இருக்க வேண்டும் என்று பிரியம்வதா நினைத்துக்கொண்டாள்.

அவர்களை இங்கே வரவழைத்தது முத்துச்செல்வி. நேற்று சாயங்காலம் மேல ஆவணி மூல வீதியில் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் பிரியம்வதாவின் ஆபீசுக்கு வந்தாள். இருபத்தாறு வயது, திருவாதவூர்க்காரி, எம்.ஏ. வரலாறு. இரண்டு வருடமாக இந்த அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை. வாரத்துக்கு நாலு பேர் வந்தால் அதிகம் என்றாள். செவ்வாய் விடுமுறை. புதன்கிழமை காலை கதவைத் திறந்தவள் பதினாலாம் நம்பர் நாற்காலி இல்லாததைப் பார்த்திருக்கிறாள். முதலாளிக்கு மூன்று தடவை போன் போட்டாள். அவர் எடுக்கவில்லை. உடனே நூறுக்கு அடித்துவிட்டாள்.

போலீஸ் வந்தது. பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. சாவி எத்தனை என்று கேட்டார்கள். இரண்டு. ஒன்று ஹாலாஸ்யத்தின் மகன் பத்ரியிடம். இன்னொன்று முத்துச்செல்வியிடம். அதற்கு மேல் இன்ஸ்பெக்டர் யோசிக்க விரும்பவில்லை. வழக்கு என்று எதுவும் எழுதவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொல்வார்கள். சாயங்காலம்வரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, நாளைக்கு வா என்பார்கள். பேப்பரில் மட்டும் ‘பெண் ஊழியரிடம் தீவிர விசாரணை’ என்று வந்துவிட்டது.

ஆபீசில் அவள் அழவில்லை. “நான் எடுக்கல மேடம். எடுத்தாலும் எங்க கொண்டுபோவேன்? எங்க ஊரு பஸ்ல அதை ஏத்தமாட்டான்,” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பிரியம்வதா கேஸை எடுத்துக்கொண்டாள்.

இப்போது சனிக்கிழமை காலை பதினொன்றரை. முத்துச்செல்வி இந்த நிமிடமும் அந்த பெஞ்சில்தான் இருப்பாள். கூடத்தில் கூட்டம் நெரிந்தது. பட்டுக்கரை ஜிப்பாவும் கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடியுமாக பத்ரியே சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தார்.

“இதன் பெயர் மௌனம்,” என்றார், முன்பக்கம் சரிந்து இருந்த ஒரு நாற்காலியைக் காட்டி. “அப்பா இதுக்காக ரெண்டு வருஷம் யார்கிட்டயும் பேசல.”

“உக்காந்தா வழுக்கி மூஞ்சி பேந்துரும். அப்பறம் நம்மளும் பேசமாட்டோம்,” என்றான் பேயாண்டி மெதுவாக.

“இது பிரபஞ்சம்.” உட்காரும் பலகையின் நடுவே பெரிய வட்ட ஓட்டை. “வெறுமைதான் இருக்கைன்னு அப்பா சொல்லுவார்.”

“எங்க வீட்டுலயும் ஒரு பிரபஞ்சம் இருக்குக்கா. பினாயில் ஊத்திக் கழுவுவோம்.”

பிரியம்வதா சிரிப்பை இருமலாக மாற்றினாள். அடுத்து நின்றது ‘இல்லறம்’. இருவர் முதுகோடு முதுகு ஒட்டி, எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து உட்காரும்படி செய்த இருக்கை. அதைப் பற்றிப் பேயாண்டி ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமானவன்.

அவள் ஒவ்வொன்றையும் தன் இடுப்பால் பார்த்தாள். டாக்டர் சொல்லித்தந்த அளவுகள் அவளுக்கு மனப்பாடம். முதுகு எங்கே தாங்க வேண்டும், முழங்கால் எந்த உயரத்தில் மடங்க வேண்டும், கை எதில் ஊன்ற வேண்டும். அங்கிருந்த முப்பதும் அந்த மூன்றில் ஒன்றையாவது தவறவிட்டிருந்தன. மூன்றையும் தவறவிட்டவற்றுக்குப் பரிசு கிடைத்ததாகப் பலகை சொன்னது. இந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் நாற்காலி செய்திருக்கிறார், ஆனால் அதில் ஓர் ஆள் உட்காருவான் என்கிற எண்ணம் ஒருநாளும் அவருக்கு வந்ததில்லை.

கூடத்தின் நடுவே சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குள் எதுவும் இல்லை. அதைச் சுற்றித்தான் அத்தனை கூட்டமும். ஒரு குடும்பம் வெறும் தரையோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

“பதினாலாம் நம்பர். தவம்,” என்று பத்ரி குரலைத் தாழ்த்தினார். “இங்கதான் இருந்தது. எத்தனையோ வெளிநாட்டுக்காரா கேட்டா. அப்பா குடுக்கல.”

“இதுக்கு முன்னாடியும் இம்புட்டுக் கூட்டம் வருமா சார்?” என்றான் பேயாண்டி.

“பேப்பர்ல வந்ததுக்கு அப்பறம் ஜனங்களுக்கு ஒரு விழிப்புணர்வு,” என்றார் பத்ரி.

பிரியம்வதா கயிற்றுக்கு அப்பால் தரையைப் பார்த்தாள். காவிச் சிமெண்டுத் தரை, வாராவாரம் பாலிஷ் போட்டுப் போட்டுக் கண்ணாடி மாதிரி இருந்தது. நாற்காலியின் கால் பட்ட இடங்களில் மட்டும் பாலிஷ் ஏறாமல் சிறு சிறு வெளிறிய வட்டங்கள். அவள் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

“நாற்காலின்னா நாலு கால். இங்க அஞ்சு தடம் இருக்கே சார்.”

பத்ரியின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகவே காலையில் குளித்துக் கிளம்பியவர் மாதிரி இருந்தார். “நிலம், நீர், நெருப்பு, காற்று. அஞ்சாவது கால் ஆகாயம். பஞ்சபூதத்தையும் ஒரு ஆசனத்துல அடக்கினது உலகத்துலயே அப்பா ஒருத்தர்தான். நான் இதைப் பத்தி ஒரு புஸ்தகமே எழுதியிருக்கேன். கவுண்டர்ல இருக்கு.”

ஐந்தாவது தடம் நடுவில் இல்லை. பின்னாலும் இல்லை. முன்பக்கம், உட்காருகிறவரின் இடது பாதம் வருகிற பக்கமாக, முன்னங்காலிலிருந்து இரண்டு சாண் தள்ளித் தனியாக நின்றது. ஆகாயம் எதற்காக இடது பக்கம் ஒதுங்கி உட்கார வேண்டும்?

அவள் சுவர்ப்பக்கம் நகர்ந்தாள். ஹாலாஸ்யத்தின் போட்டோக்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஞானி மாலையோடு, ஞானி மந்திரி யாரோடோ, ஞானி ஒரு கல்யாணப் பந்தியில். எல்லாப் படத்திலும் அவர் மட்டும் நட்டநடுவில் தெரியும்படி சட்டத்துக்காக ஓரங்களை வெட்டியிருந்தார்கள். வெட்டியவர் கவனமாக வெட்டவில்லை. ஐந்து படங்களில் இடது கீழ் மூலையில் ஒரு பெண்ணின் இடது பாதம் எஞ்சியிருந்தது. விரலில் மெட்டி. மற்றவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, அந்த ஒரு பாதம் மட்டும் நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

“இது யாரு கால் சார்?”

“அதுவா? ஃப்ரேம்ல தப்பா விழுந்திருக்கு. மாத்தணும்.”

“உங்கம்மா இருக்காங்களா?”

“சென்னைல, தங்கையாத்துல இருக்கா. ரெண்டு வருஷமா அங்கதான்.” பத்ரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு கூட்டத்திடம் போய்விட்டார்.

பிரியம்வதா பேயாண்டியைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் பாத்ரூம் தேடுகிறவன் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தான். ஐந்து நிமிடத்தில் வந்தான்.

“பின்கட்டுல கொடி இருக்குக்கா. ஒம்பது கஜம் புடவை ஒண்ணு சொட்டச் சொட்டக் காயுது. பத்ரி சார் அதைக் கட்டுற ஆளாத் தெரியல.”

“போட்டோவப் பாத்தியா?”

“பாத்தேன். காலு.”

“ஒருதடவை காலை நீட்டி உக்கார்றது சௌகரியத்துக்கு. அஞ்சு படம், ஒவ்வொண்ணுலயும் அவர் தலைமுடி வேற வேற அளவுக்கு நரைச்சிருக்கு. அத்தனை வருஷமும் அதே இடது கால் நீட்டியே இருக்குன்னா, அது மடங்காத கால்.”

பேயாண்டி சிவப்புக் கயிற்றுப் பக்கம் திரும்பினான். நிதானமாக அவனுக்கு விளங்கியது. “அப்ப அந்த ஆகாயம்...”

“முட்டி மடங்காத ஒரு பொம்பளை காலை வைக்கிற கட்டை.”

“புஸ்தகம் வேற எழுதியிருக்காப்ல.”

ஐந்தாவது தடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கையால் அளந்துவிட்டால் போதும் என்று அவள் கயிற்றுக்கடியில் குனிந்தாள். குனிந்திருக்கக் கூடாது. இடுப்பில் ஏதோ ‘கடக்’ என்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றியவளால் நிமிர முடியவில்லை.

“அக்கா,” என்று பேயாண்டி தாங்கிப் பிடித்தான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை. “சார், ஒரு சேர் குடுங்க. சீக்கிரம்.”

பத்ரி ஓடிவந்தார். சுற்றிலும் தன் முப்பது நாற்காலிகளையும் பார்த்தார். “இதெல்லாம் உக்கார்றதுக்கு இல்ல,” என்றார் கையைப் பிசைந்துகொண்டு. “வெளியில டீக்கடைல ஸ்டூல் இருக்கும்.”

‘நிர்வாகம். அனுமதி இல்லை’ என்று எழுதியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வயதான குரல், ஆனால் நடுக்கம் கிடையாது.

“யாருடா பத்ரி அது? உடம்பு சரியில்லாதவாளை டீக்கடைக்கு அனுப்பறது? உள்ள அழைச்சிண்டு வா.”

பத்ரி அசையவில்லை. பேயாண்டி அவரைத் தோளால் மெல்ல ஒதுக்கிவிட்டு, பிரியம்வதாவைத் தாங்கியபடி கதவைத் தள்ளினான்.

உள்ளே சின்ன அறை. ஜன்னலோரம் கைத்தடியோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார் பத்ரியின் அம்மா அனந்தலக்ஷ்மி. எழுபத்தைந்து வயதிருக்கும். இடது கால் கம்பு மாதிரி நேராக நின்றது. “இதுல உக்காரும்மா. கூச்சப்படாதே. சாஞ்சுக்கோ,” என்று தான் இருந்த இருக்கையைக் காட்டினார்.

பிரியம்வதா உட்கார்ந்தாள். முதுகின் வளைவில் வலிக்கிற இடத்தையே தேடிவந்து தாங்கியது ஒரு பலகை. கைகள் தாமாகவே அகன்ற கட்டைகளில் இறங்கின. மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்த வலி வாயை மூடியது. அவள் கண்ணைத் திறந்து கீழே பார்த்தாள். முன்பக்கம் இடது ஓரத்தில், தனியாக ஒரு குட்டைக் கால், அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்த சின்னப் பலகை.

திருடு போனதாக மதுரை முழுக்கப் பேசிக்கொண்டிருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இதை உங்க வீட்டுக்காரர் உங்களுக்காகச் செஞ்சாரா மாமி?”

“அவரா?” அனந்தலக்ஷ்மி கட்டில் விளிம்பில் காலை நீட்டி அமர்ந்தார். “அவர் எனக்கு ஒரு டம்ளர் ஜலம் மொண்டு குடுத்தது கிடையாது. ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்து என் முட்டி போச்சு. அவர் டெல்லியில ஏதோ பரிசு வாங்கப் போயிருந்தார். அவர் செஞ்ச ஒண்ணுலயும் என்னால உக்கார முடியல. பட்டறையில சின்னான்னு ஒரு ஆசாரி இருந்தான். நான் அளவு சொன்னேன், அவன் அறுத்தான். மூணே நாள். அவர் வந்து பாத்துட்டு, இதுக்குத் தவம்னு பேர் வைக்கலாம்னார். வச்சுக்கோங்கோன்னேன். பேர்தானே.”

“அவர் எதுல உக்காருவார்?”

“டவுன் ஹால் ரோட்டுல வாங்கின பிளாஸ்டிக் சேர்ல.”

பேயாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

பிரியம்வதா தன் கணக்கை மனசுக்குள் முடித்துவிட்டாள். மகளிடமிருந்து திரும்பிவந்த அம்மா, தன் நாற்காலியை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டார். அப்பாவின் புகழைத் துடைத்துத் துடைத்து வைக்கிற அசட்டு மகனுக்கு அது தெரியவில்லை. பரிதாபம்தான்.

“தனியா எப்படி மாமி இதைத் தூக்கினீங்க?”

“நானா? நன்னாருக்கே. இவன்தான் தூக்கிண்டு வந்து போட்டான்.” அனந்தலக்ஷ்மி மகனைக் கைத்தடியால் காட்டினார். “திங்கக்கிழமை ராத்திரி ரயில்ல வந்தேன். மறுநாள் கால் யானைக்கால் மாதிரி வீங்கிடுத்து. என் நாற்காலியைக் கொண்டாடான்னேன். செவ்வாக்கிழமை மத்தியானம் கொண்டுவந்தான்.”

பிரியம்வதா பத்ரியைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கணக்கில் அது இல்லை. இந்த ஆளை அவள் வெறும் அசடு என்று மட்டும் எடைபோட்டிருந்தாள்.

“தெரிஞ்சேதான் போலீஸ்கிட்ட சும்மா நின்னீங்களா சார்?”

“நான் சொல்றதுக்குள்ள அந்தப் பொண்ணு போலீஸைக் கூப்பிட்டுட்டா,” என்றார் பத்ரி. ஜிப்பா வியர்வையில் ஒட்டியிருந்தது. “நிருபர்லாம் வந்துட்டா. அவாகிட்ட என்னன்னு சொல்ல? அம்மா முட்டிக்கு வச்சிருக்கான்னா? பஞ்சபூதம்னு புஸ்தகம் போட்டாச்சு. அப்பறம் கூட்டம் வர ஆரம்பிச்சுது. ரெண்டு நாள் போகட்டும்னு பாத்தேன். சாவி எத்தனைன்னு கேட்டா, ரெண்டுன்னேன். அது பொய் இல்லையே.”

“நாற்காலி இருந்தப்ப வாரத்துக்கு நாலு பேர் வந்தாங்க. இல்லாதப்ப நிக்க இடம் இல்ல. உங்க அப்பாவோட கலைக்கு இதைவிட நல்ல விமர்சனம் யாரும் எழுத முடியாது,” என்றாள் பிரியம்வதா.

அனந்தலக்ஷ்மிக்கு அது கேட்கவில்லை. அவர் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்தார். “எந்தப் பொண்ணு? முத்துச்செல்வியா? கல்யாணம்னு லீவு போட்டிருக்கான்னு சொன்னியேடா.”

“ஸ்டேஷன்ல இருக்கா மாமி,” என்றாள் பிரியம்வதா. “நாலு நாளா. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்காரவச்சிருக்காங்க. இந்த நாற்காலியத் திருடினான்னு.”

 அனந்தலக்ஷ்மி மகனை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். கடையில் சொத்தை கத்தரிக்காயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிற பார்வை.

“பேப்பர்காரன் வரலைன்னு சொன்னது இதுக்குத்தானா? போனை எடு. இன்ஸ்பெக்டரைக் கூப்பிடு. நான் கேக்கறாப்பல பேசு.”

பத்ரி பேசினார். காதில் வைத்த போனுக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டர் திட்டுவது கட்டில்வரை கேட்டது. தான் வெட்கப்பட வேண்டியதையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார் போலும்.

பிரியம்வதா தன் போனில் முத்துச்செல்வியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். 

“உள்ளயேவா மேடம் இருந்துச்சு?”

“பத்தடி தூரத்துல. ஒரு கதவுக்குப் பின்னாடி.”

“எங்கப்பா நாலு நாளா வயலுக்குப் போகல மேடம். வழியில யாராச்சும் கேட்டுருவாங்கன்னு.” அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். “பத்ரி சாருக்குத் தெரியுமா, நான் எடுக்கலன்னு?”

“தெரியும்.”

“அப்ப அவரை எங்க ஊருக்கு வரச்சொல்லுங்க. பஸ் ஸ்டாப்புல டீக்கடை இருக்கு. அஞ்சு மணிக்கு எல்லாரும் இருப்பாங்க. அங்க வந்து, எங்கப்பா முன்னால, அவரு வாயால சொல்லணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

பத்ரி முதலில் மறுத்தார். கடிதம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். பொய், போலீஸ், பேப்பர் என்ற மூன்று சொற்களை பிரியம்வதா நிதானமாக எடுத்துச்சொன்னாள். அனந்தலக்ஷ்மி ஒரே சொல் சொன்னார்: “போ.”

மூன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு பிரியம்வதா முன்சீட்டில். பத்ரி பின்சீட்டில். நகரத்தைத் தாண்டி ஒத்தக்கடை வந்ததும் அவர், “ஊர்க்காரா அடிப்பாளா?” என்றார்.

“நீங்க பேசுறதைப் பொறுத்துண்ணே,” என்றான் பேயாண்டி.

திருவாதவூர் பஸ் ஸ்டாப்பில் இருபது பேர்போல நின்றார்கள். வயலிலிருந்து திரும்பியவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். முத்துச்செல்வி பஸ்ஸில் முன்னமே வந்திருந்தாள். பக்கத்தில் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி அவள் அப்பா கண்ணுச்சாமி. நாலு நாள் சவரம் செய்யாத முகம். காரிலிருந்து ஜிப்பா இறங்கியதும் பேச்சு அடங்கியது.

பத்ரி நடுவே வந்து நின்றார். “ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆகிப்போச்சு...” என்று தொடங்கினார்.

“தமிழ்ல சொல்லுங்க சார்,” என்றாள் முத்துச்செல்வி.

 பத்ரி தரையைப் பார்த்துக்கொண்டு, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொன்னார். “நாற்காலி திருடு போகல. நான்தான் எடுத்து எங்கம்மா ரூம்ல வச்சேன். இந்தப் பொண்ணு எடுக்கலைன்னு எனக்கு மொத நாள்லேர்ந்தே தெரியும். தெரிஞ்சும் சொல்லல.”

 டீ மாஸ்டரின் கை பாதியில் நின்றது. கண்ணுச்சாமி சுருட்டியிருந்த துண்டை மெதுவாக உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“சார், இன்னொருக்காச் சொல்லுங்க. சத்தமா,” என்றார். “அந்தா, மரத்தடியில நிக்கிறாரு பாருங்க, அவருக்குக் காது மந்தம். எம்மகளைப் பத்தி மொத ஆளா வந்து விசாரிச்சது அவருதான்.”

பத்ரி மரத்தடியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.